நாற்பத்து மூன்று க்வெரிகளுக்குள் தொலைந்த 69 ரூபாய்

பால் ஊற்றும் ஆயாவின் கையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, பத்து நாள் பால் பில். இன்னொன்று, வங்கிக்கு அனுப்பிய பட்டியலில் அவர் பெயர் வரும் பக்கத்தின் நகல். பில்லில் 3,197 ரூபாய். வங்கியில் ஏறியது 3,128. தீவனக் கடன், முன்பணம் என்று பிடித்தம் எதுவும் அவருக்கு இல்லை.

"ஏங் கண்ணு, ஒரே பாலுக்கு ரெண்டு கணக்கா?" என்றார்.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறு பால் நிறுவனத்தின் கணக்கு டேட்டாபேஸை நான் பகுதி நேரமாகப் பார்த்துக்கொள்கிறேன். 14 சென்டர்கள். காலை, மாலை என இரண்டு வேளை பால் எடுப்பார்கள். ஒவ்வொருவர் பாலிலும் கொழுப்பும் இதர சத்தும் அளந்து, ரேட் சார்ட்டில் அந்தக் கட்டத்தில் இருக்கும் விலையைப் போட்டு, துண்டுச் சீட்டு கிழித்துத் தருவார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், 14ஆம் பதிப்பு. அறிக்கைகளுக்கான க்வெரிகள் (டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும் கட்டளைகள்) ஒரு ஃபோல்டரில் 43 ஃபைல்களாகக் கிடந்தன. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு தேவைக்கும் பழைய ஃபைலை நகல் எடுத்து, இரண்டு வரி மாற்றி, புதுப் பெயரில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நானும் ஓராண்டாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஆயாவின் 69 ரூபாய் எங்கே போனது என்று தேடியபோதுதான் அந்த ஃபோல்டர் முழுவதையும் பிரித்துப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. என்ன செய்தேன், எங்கே தடுக்கியது என்பதை எழுதி வைக்கிறேன். க்வெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லின் கட்டளைகளை இங்கே தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் 69 ரூபாய். அந்த மாதம் 16ஆம் தேதி பால் விலை ஏறியது, எல்லாக் கட்டத்திலும் லிட்டருக்கு ஒன்றரை ரூபாய். பட்டுவாடா காலம் 11 முதல் 20 வரை. 16 முதல் 20 வரை ஆயா ஊற்றியது 46 லிட்டர். 46ஐ 1.50ஆல் பெருக்கினால் 69. அதாவது வங்கிப் பட்டியலுக்கு விலை ஏற்றமே தெரியவில்லை.

வங்கிப் பட்டியல் க்வெரியைத் திறந்தேன். சென்டருக்கு ஒரு செலக்ட் (தரவை எடுக்கும் கட்டளை) என்று 14 செலக்ட்டுகள், நடுவில் விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் யூனியன் ஆல் போட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றும் 30 வரிக்கு மேல். சென்டர் குறியீடு ஒன்றைத் தவிர எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. கண்ணால் ஓட்டிப் பார்த்து இரண்டு முறை தவறவிட்டேன். பிறகு 14 துண்டுகளையும் தனித்தனி ஃபைலாக வெட்டி, வித்தியாசம் காட்டும் டிஃப் போட்டுப் பார்த்தபோது ஒன்பதாவது துண்டு மாட்டியது. மற்ற பதின்மூன்றிலும் பால் ஊற்றிய தேதியை வைத்து ரேட் சார்ட்டைத் தேடியிருந்தது. ஒன்பதாவதில் மட்டும் பட்டுவாடா காலம் தொடங்கிய தேதியை வைத்துத் தேடியிருந்தது. அந்த சென்டர் பின்னால் சேர்ந்தது; யாரோ மிகப் பழைய ஒரு நகலிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதுவரை விலை மாறியதெல்லாம் 1, 11, 21 தேதிகளில்தான். ஆகவே இரண்டு விதிகளும் ஒரே விடையைத் தந்துகொண்டிருந்தன. காலத்தின் நடுவில் விலை மாறிய முதல் தடவையே பிசகிவிட்டது.

அந்த சென்டரில் 126 பேர் பால் ஊற்றுகிறார்கள். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் ஆயா ஒருவர்தான்.

அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அதே விலைத் தேடல் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று ஃபோல்டரில் தேடினால் 29 ஃபைல்கள் வந்து நின்றன. ஒருவருடைய பாலுக்கு என்ன விலை என்ற ஒரே கேள்விக்கு 29 இடங்களில் தனித்தனியாகப் பதில் எழுதி வைத்திருக்கிறோம். நகல் எடுப்பதால் தட்டச்சு வேலை கூடுகிறது என்பதுதான் குறை என்று அதுவரை நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிய குறை இது: விதி ஒன்று, வீடு இருபத்தொன்பது.

சரி, முதல் ஞாயிறு. 43 ஃபைல்களையும் அச்செடுத்து, ஐந்து நிற மார்க்கர்களோடு உட்கார்ந்தேன். திரையில் பார்ப்பதைவிட இது எனக்கு ஒத்துவந்தது. விலைத் தேடலுக்கு மஞ்சள். பட்டுவாடா காலத்தைக் கணக்கிடும் கேஸ் வெனுக்கு ('இப்படியென்றால் இது' என்ற நிபந்தனை) பச்சை. காலை மாலை பிரிப்புக்கு நீலம். பிடித்தங்களுக்குச் சிவப்பு. ரத்து செய்த சீட்டுகளை ஒதுக்கும் நிபந்தனைக்கு ஆரஞ்சு. மாலைக்குள் மேசை முழுக்க வண்ணம். நிறமில்லாமல் வெள்ளையாக நின்ற வரிகள் கொஞ்சம்தான். ஒவ்வொரு அறிக்கைக்கும் உண்மையில் தனியாகத் தேவைப்பட்டது அந்த வெள்ளை வரிகள் மட்டுமே.

மஞ்சளில் தொடங்கினேன். ரேட் சார்ட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் தொடக்கத் தேதி மட்டும் டேபிளில் இருந்தது; முடிவுத் தேதி கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு க்வெரியும் "இந்தத் தேதிக்கு முன் வந்த பதிப்புகளில் கடைசியானது எது" என்று உள்க்வெரி போட்டுத் தேடிக்கொண்டிருந்தது. முடிவுத் தேதியை டேபிளில் புதிதாகச் சேர்த்தால் யாராவது அதைத் தப்பாக நிரப்புவார்கள். அடுத்த பதிப்பின் தொடக்கம்தான் இதன் முடிவு என்பதால் அதை டேட்டாபேஸே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று ஒரு வியூ (பெயர் வைத்துச் சேமித்த க்வெரி; டேபிள் போலவே பயன்படும்) எழுதினேன்:

செலக்ட் பதிப்பு_எண், தொடக்கம்,
லீட்(தொடக்கம், 1, 'இன்ஃபினிட்டி') ஓவர் (ஆர்டர் பை தொடக்கம்) ஆஸ் முடிவு
ஃப்ரம் ரேட்_பதிப்பு

லீட் என்பது அடுத்த வரியை எட்டிப் பார்க்கும் விண்டோ ஃபங்ஷன். கடைசிப் பதிப்புக்கு அடுத்த வரி இருக்காது. அங்கே 'இன்ஃபினிட்டி' நிற்கும். போஸ்ட்கிரெஸில் தேதி வகைக்கே முடிவிலி என்று ஒரு மதிப்பு உண்டு. வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் 9999ஆம் ஆண்டு தேதி ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

இதன் மேல் இரண்டாவது வியூ. பால் வரவு டேபிளை எடுத்து, பால் ஊற்றிய தேதி தொடக்கத்துக்குச் சமமாகவோ பிறகோ இருந்து, முடிவுக்கு முன்னாலும் இருக்கும் பதிப்போடு ஜாயின் செய்து (பொருந்தும் வரிகளை இணைத்து), கொழுப்பு, இதர சத்துக் கட்டத்தின் விலையைச் சேர்த்து, தொகையையும் போட்டு, ரத்தான சீட்டுகளைக் கழித்துவிடும். பெயர் 'விலையிட்ட_வரவு'. மஞ்சளும் ஆரஞ்சும் இந்த ஒரே இடத்தில் முடிந்தன.

தொகையை எழுதும் இடத்தில் கை நின்றுவிட்டது. லிட்டரை விலையால் பெருக்கினால் பைசாவுக்குக் கீழே தசமம் வரும். சில க்வெரிகள் வேளைக்கு வேளை முழுமையாக்கிவிட்டுக் கூட்டின. சில, பத்து நாளையும் கூட்டிவிட்டுக் கடைசியில் முழுமையாக்கின. வேளைக்கு அதிகபட்சம் அரை பைசா. இருபது வேளைக்குப் பத்து பைசா வரை விலகலாம். இதை நிரல் எழுதுபவன் முடிவு செய்யக்கூடாது. கணக்கு பார்க்கும் அக்காவிடம் கேட்டேன்.

"சீட்டுல என்ன தம்பி போட்டுக் குடுக்கறோம்?"

"பைசா வரைக்கும் முழுசா போட்டுத்தானுங்க அக்கா."

"அப்ப அவங்க இருபது சீட்டையும் கூட்டினா என்ன வருதோ அதான் பில்லுல வரோணும்."

இதைவிடத் தெளிவான விதி எனக்குத் தேவைப்படவில்லை. வேளைக்கு வேளை முழுமையாக்கல் வியூவுக்குள் போனது. அக்கா சொன்னதை அப்படியே கமெண்டாக வியூவின் தலையில் எழுதி வைத்தேன்.

அடுத்து பச்சை. மாதத்தை 1 முதல் 10, 11 முதல் 20, 21 முதல் மாதக் கடைசி என்று பிரிக்கும் கேஸ் வென் பதினேழு ஃபைல்களில் இருந்தது. 28, 29, 30, 31 என்று மாதக் கடைசியைப் பிடிக்க ஒவ்வொன்றிலும் ஒரு வித்தை. அதை ஃபங்ஷனாக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு டேபிளே போதும் என்று தோன்றியது. மாதத்துக்கு மூன்று வரி, ஆண்டுக்கு 36 வரி. எண், தொடக்கம், முடிவு. எல்லா க்வெரியும் இதோடு ஜாயின் செய்தால் தீர்ந்தது. தீபாவளிக்கு முன்னால் பட்டுவாடாவை இரண்டு நாள் முன்தள்ள வேண்டும் என்றால் அக்காவே டேபிளில் தேதியை மாற்றிக்கொள்வார். இரண்டு காலங்கள் தவறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் ஒரே பாலுக்கு இரண்டு முறை பணம் போகும். தேதி வரம்புகள் ஒரு நாள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலே வரியைச் சேர்க்க மறுக்கும் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் போஸ்ட்கிரெஸில் உண்டு. அதைப் போட்டேன்.

பச்சையைத் துலக்கும்போது வேறொரு பிழையும் வெளியே வந்தது. ஒரு ஃபைலில் பால் தேதிக்குப் பதிலாகச் சீட்டுப் பதிவான நேரத்தை வைத்து 11க்கும் 20க்கும் 'பிட்வீன்' போட்டிருந்தார்கள். நேரமும் சேர்ந்த நெடுவரிசையில் 20 என்றால் 20ஆம் தேதி நள்ளிரவு பூஜ்ய மணி. ஆக 20ஆம் தேதியின் இரண்டு வேளையும் அந்த அறிக்கைக்குள் வரவே வராது. நல்லவேளை, அது சென்டர்களின் வேலை நேரத்தைப் பார்க்கும் அறிக்கை. பணம் அதில் இல்லை.

நீலம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காலை லிட்டர், மாலை லிட்டர், மொத்தம் என்று மூன்று நெடுவரிசை வேண்டும். பழைய க்வெரி காலைக்கு ஒரு உள்க்வெரி, மாலைக்கு ஒரு உள்க்வெரி எழுதி, இரண்டையும் ஜாயின் செய்திருந்தது. 60 வரி. அதோடு வெறும் ஜாயின் என்பதால், காலை மட்டும் ஊற்றுபவர்கள் அறிக்கையிலேயே இல்லை. ஒரே மாடு வைத்து, மாலைப் பாலை வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய. அத்தனை பேரும் காணாமல் போயிருந்தார்கள். இப்போது:

சம்(லிட்டர்) ஃபில்டர் (வேர் வேளை = 'கா') ஆஸ் காலை,
சம்(லிட்டர்) ஃபில்டர் (வேர் வேளை = 'மா') ஆஸ் மாலை,
சம்(லிட்டர்) ஆஸ் மொத்தம்

டேபிளை ஒரே தடவை படிக்கிறது, யாரும் விடுபடுவதில்லை. ஃபில்டர் 2014இல் வந்த 9.4ஆம் பதிப்பிலிருந்தே போஸ்ட்கிரெஸில் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் இது கிடையாது. அங்கே சம்முக்குள் கேஸ் வென் போட வேண்டும், வேலை அதேதான். ஒன்று மட்டும் கவனம்: மாலை ஊற்றாதவருக்கு மாலை நெடுவரிசையில் பூஜ்யம் வராது, 'மதிப்பில்லை' என்று பொருள்படும் நல் வரும். அச்சில் வெற்றிடமாக நிற்கும். கோலெஸ் போட்டுப் பூஜ்யமாக்கினேன்.

சிவப்பில்தான் இரண்டாவது ஞாயிறு முழுவதும் போனது. நிகரத் தொகை க்வெரி, உறுப்பினரைப் பால் வரவோடும் தீவன விற்பனையோடும் ஒரே அடியில் ஜாயின் செய்திருந்தது. ஒருவருக்குப் பத்து நாளில் 20 பால் வரிகள், 2 தீவன மூட்டைகள் என்று வையுங்கள். ஜாயின் செய்தால் 20 பெருக்கல் 2, நாற்பது வரிகள். பால் தொகை இரண்டு மடங்காகும்; தீவனத் தொகை இருபது மடங்காகும். இதை யாரோ முன்பே கவனித்து, தீவனத்துக்குச் சம்முக்குள் டிஸ்டிங்க்ட் போட்டு அடக்கியிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் விடை சரியாகவே வரும். ஆனால் ஒருவர் ஒரே விலையில் இரண்டு மூட்டை வாங்கினால்? 1,250, 1,250. டிஸ்டிங்க்ட் இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரு மூட்டைக்கு மட்டும் பிடிக்கும். பால் தொகைக்கோ, மூட்டை எண்ணிக்கையால் வகுத்து ஒரு சரிக்கட்டல்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: முதலில் தனித்தனியாகக் கூட்டு, அப்புறம் சேர். க்வெரியின் தலையிலேயே இடைக் கணக்குகளுக்குப் பெயரிடும் வித் போட்டுப் பால் மொத்தம் உறுப்பினருக்கு ஒரு வரி, தீவன மொத்தம் உறுப்பினருக்கு ஒரு வரி, முன்பண மொத்தம் உறுப்பினருக்கு ஒரு வரி. மூன்றையும் உறுப்பினர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் (பொருந்தும் வரி இல்லாத உறுப்பினரும் விடுபடமாட்டார்). ஒன்றுக்கு ஒன்று என்பதால் எதுவும் பெருகாது. ஏதாவது ஒரு க்வெரியில் சம்முக்குள் டிஸ்டிங்க்ட் கண்ணில் பட்டால், அதிலுள்ள ஜாயினைச் சந்தேகப்படுங்கள்.

14 செலக்ட்டுகள் கொண்ட வங்கிப் பட்டியல் இப்போது ஒரே செலக்ட். சென்டர் வாரியாகக் குரூப் பை. கடைசியில் மொத்த வரி வேண்டும் என்பதால் ரோலப். பதினைந்தாவது சென்டர் வந்தாலும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவும் எழுதியாயிற்று. ஆனால் பணக் கணக்கில், புதியது சுத்தமாக இருக்கிறது என்பதற்காகப் பழையதைத் தூக்கிப் போட முடியாது. மூன்றாவது ஞாயிறு ஒப்பிடுவதற்கு. இரண்டு ஆண்டுத் தரவு, 72 பட்டுவாடா காலங்கள். ஒவ்வொரு காலத்துக்கும் பழைய க்வெரியை ஓட்டி விடையை ஒரு டேபிளில் கொட்டினேன். புதியதை இன்னொரு டேபிளில். பிறகு இரண்டு திசையிலும் கழித்தேன்:

பழையது எக்ஸெப்ட் ஆல் புதியது
புதியது எக்ஸெப்ட் ஆல் பழையது

இரண்டும் காலியாக வந்தால் இரண்டும் ஒன்று. ஒரு திசை மட்டும் பார்த்தால் போதாது. புதியதில் கூடுதலாக வந்த வரிகள் முதல் கழித்தலில் தெரியாது. ஆல் என்ற சொல்லும் முக்கியம். அது இல்லாவிட்டால் எக்ஸெப்ட் இரட்டை வரிகளை ஒன்றாக்கிவிடும். ஒரே வரி இரண்டு முறை வந்த பிழை கண்ணுக்குத் தெரியாது.

காலியாக வரவில்லை. வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. வந்த வித்தியாசங்களை ஒவ்வொன்றாக அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலானவை பைசாக் கணக்கு, முழுமையாக்கும் விதி மாறியதால். சில, ஒரே விலையில் இரண்டு மூட்டை வாங்கியவர்கள். ஒன்பதாவது சென்டரின் விலைப் பிசகும் அதில் இருந்தது. நான்கு வரிகள் மட்டும் எதிலும் அடங்கவில்லை. தோண்டினால், என் புது வியூதான் தப்பு. கொழுப்பு அளவு சார்ட்டின் கடைசிக் கட்டத்தைத் தாண்டிய எருமைப் பால். ரேட் சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால் ஜாயின் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. பழைய க்வெரி கடைசிக் கட்டத்து விலையையே கொடுத்திருந்தது. ஒப்பிடாமல் மாற்றியிருந்தால் அந்த நான்கு பேருக்கும் அந்த வேளைப் பாலுக்குப் பணமே போயிருக்காது. சார்ட்டைத் தாண்டும் அளவுகளைக் கடைசிக் கட்டத்துக்கு இறக்கி, விலையில்லாமல் நிற்கும் வரிகளை எண்ணிச் சொல்லும் ஒரு சிறு க்வெரியையும் தனியாக எழுதினேன். பட்டுவாடாவுக்கு முன் அதன் விடை பூஜ்யமாக இருக்க வேண்டும்.

வேகத்தில் ஒரு அடி வாங்கினேன். ஒருவருடைய ஆண்டுக் கணக்கைக் காட்டும் திரை முன்பு இரண்டு விநாடியில் வந்தது, புது வியூவில் 40 விநாடி. க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டால், ஒரு உறுப்பினருக்காக எல்லோருடைய கணக்கும் முதலில் முழுக்கப் போடப்படுவது தெரிந்தது. வித்தில் எழுதிய பால் மொத்தத்தை வியூவுக்குள் இரண்டு இடத்தில் பயன்படுத்தியிருந்தேன். 2019இல் வந்த 12ஆம் பதிப்புக்கு முன் போஸ்ட்கிரெஸ் எந்த வித் பகுதியையும் தனியாகக் கணக்கிட்டு வைத்துக்கொண்டுதான் மேலே போகும். 12க்குப் பிறகு, ஒரே ஒரு முறை பயன்படுத்தும் எளிய வித் பகுதியை மட்டும் மேல் க்வெரியோடு கரைத்துவிடும்; இரண்டு முறை பயன்படுத்தினால் பழைய வழக்கம்தான். அதனால் 'உறுப்பினர் எண் இது' என்ற வெளி நிபந்தனை உள்ளே இறங்கவே இல்லை. 'நாட் மெட்டீரியலைஸ்ட்' என்று எழுதினாலே சரியாகியிருக்கும். நான் அதற்குப் பதிலாக அந்த வியூவை உறுப்பினர் எண், காலம் இரண்டையும் வாங்கிக்கொள்ளும் எஸ்க்யூஎல் ஃபங்ஷனாக மாற்றினேன். எதைக் கேட்கிறோம் என்பது அழைக்கும் இடத்திலேயே தெரியும். இப்போது கண் சிமிட்டும் நேரத்தில் வருகிறது.

வியூவின் மேல் வியூ, அதன் மேல் வியூ என்று அடுக்குவது எளிதாக இருப்பதால் கை போய்க்கொண்டே இருக்கும். நான் இரண்டு அடுக்கோடு நிறுத்திக்கொண்டேன். அடியில் உள்ள வியூவில் நடுவே ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டுமென்றால் 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' ஒப்புக்கொள்ளாது. கடைசியில்தான் சேர்க்க விடும். இல்லையென்றால் மேலே நிற்கும் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். அதனால் எல்லா வியூ, ஃபங்ஷனையும் சரியான வரிசையில் ஒரே ஃபைலில் வைத்து, ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் நீக்கி மறுபடி உருவாக்கும்படி எழுதினேன். நடுவில் பிழை வந்தால் போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும்.

ஃபோல்டரில் இப்போது 11 ஃபைல்கள். பத்தாகவும் ஆக்கியிருக்கலாம். தீபாவளி போனஸ் க்வெரி பார்வைக்கு வருடக் கணக்கு க்வெரியைப் போலவே இருக்கும். அதையும் 'விலையிட்ட_வரவு' மேல் ஏற்ற ஆசைதான். ஆனால் போனஸ் லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுப்பது. விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலை விதி மாறினால் போனஸ் அசையக்கூடாது. உருவம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு காரணத்துக்காக மாறுபவை என்பதால் அதைத் தனியாகவே விட்டுவிட்டேன்.

நான்காவது ஞாயிறு, எக்ஸெப்ட் கொடுத்த வித்தியாச டேபிளுக்குத் திரும்பினேன். அதில் அந்த ஒன்பதாவது சென்டரை மட்டும், 16 முதல் 20 வரையிலான வேளைகளை மட்டும் வடித்தால், யாருக்கு எவ்வளவு குறைந்தது என்ற பட்டியல் அப்படியே கிடைத்தது. 126 வரிகள். அக்கா அச்செடுத்து, ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, அடுத்த பில்லில் 'முந்தைய பாக்கி' என்று தனி வரியாகச் சேர்க்கச் சொன்னார். தீவனக் கடனில் கழித்துக்கொள்ளலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். அது அவங்க பால் காசு, கையில போகட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார்.

பட்டுவாடா அன்று சென்டருக்குப் போயிருந்தேன். ஆயா பில்லை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, விரலால் தடவிக்கொண்டே வந்து அந்த வரியில் நிறுத்தினார். 69 ரூபாய் 00 பைசா. பிறகு மடியிலிருந்து இருபது துண்டுச் சீட்டுகளையும் எடுத்துப் படியில் பரப்பி, கூட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கூட்டினேன்.